சொடுக்குக்கு முந்திய நிமிடம்

‘கலை’ என்று முத்திரை விழுந்துவிட்ட நிழற்படத்தை எந்த நீதிமன்றமும் ஏறெடுத்துப் பார்க்காது என்பது ஏகாம்பரத்துக்குத் தெரியாததன்று. தெரிந்திருந்தும், மாசி மாதத்துக் காலைப் பொழுதொன்றில், ஒளிச்சான்று அலுவலகத்தின் மூன்றாவது மேசைக்கு முன்னால், அமுலுவைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, ஏதாவது வழி பிறக்காதா என்ற நப்பாசையோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

அமுலுவின் கணவன் முனிரத்தினம் பாலாற்றங்கரையில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் கூலியாளாக இருந்தவன். அவ்வூரார் அத்தகைய ஆலையைத் தோல் ஷாப்பு என்றே சொல்லுவார்கள். ஆயுத பூஜைக்கு முந்திய நாள் கழிவுத் தொட்டியைக் கழுவ இறங்கியவன் விஷவாயுவில் சிக்கிக்கொண்டான். ஆலைக்காரர்களோ, அன்று அவன் வேலைக்கே வரவில்லை என்றும், குடித்துவிட்டு ஊர்க்கால்வாயில் விழுந்து செத்தான் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிணம் கிடைத்ததும் கால்வாயில்தான். அதில் ஓடுவது அதே ஆலையின் கழிவே ஆகையால், அறுத்துப் பார்த்த மருத்துவரால் தொட்டிச் சேற்றையும் கால்வாய்ச் சேற்றையும் பிரித்துச் சொல்ல இயலவில்லை. அவனைத் தொட்டியிலிருந்து மேலே தூக்கிய வடநாட்டு இளைஞர் இருவரும் அன்று மாலையே ரயிலேற்றி அனுப்பப்பட்டுவிட்டனர். ஆக, முனிரத்தினம் ஆலைக்குள்தான் மடிந்தான் என்பதற்கு மிஞ்சியிருந்தது, ஏகாம்பரம் எடுத்த நிழற்படம் ஒன்றுதான்.

ஆய்வாளர் தில்ஷாத் பேகம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“மூணாவது தடவையும் கலைன்னுதான் வருது, ஏகாம்பரம்.”

“மேடம், அது அந்தத் தொட்டிதானே? செவுத்துல மூணாம் நம்பர் பெயிண்ட்ல எழுதியிருக்கே. கண்ணுக்குத் தெரியலையா?”

“என் கண்ணுக்கு நல்லாத் தெரியுது. என் கண்ணை யார் கேட்டாங்க?”

அமுலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “இன்னாம்மா இது? அண்ணன் பொய்யாப் படம் எடுத்தாருன்றாங்களா?”

“பொய்னு யாரும் சொல்லலை தாயீ. எந்த கேமராவா இருந்தாலும், பொத்தானை அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நடக்கறதை அது தனியாப் பதிஞ்சு வெச்சுக்கும். அந்த நிமிஷத்துல எடுக்கறவர் எதையாவது நகர்த்தினாரா, யாரையாவது தொட்டாரா, திருப்பி வெச்சாரான்னு எங்க இயந்திரம் பார்க்கும். கை பட்டிருந்தா கலை. படலைன்னா சான்று. நடுவுல ஒண்ணும் கிடையாது.”

“கை பட்டா இன்னா? தொட்டி தொட்டிதானே?”

“பத்து வருஷம் முன்னாடி நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அப்ப கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தே யாரு படத்தை வேணும்னாலும் செஞ்சுக்கிட்டிருந்தாங்க. கொலை பண்ணவன் அதே நேரத்துல திருப்பதியில வரிசையில நிக்கற மாதிரி படம் கொண்டுவந்து கொடுத்தான். ஜட்ஜ் நம்பிட்டார். அப்புறம்தான் இந்தச் சட்டம் வந்தது. மனுஷன் கைவைக்காததை மட்டும் நம்புறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க.”

“அப்ப நான் கூண்டுல ஏறிச் சொல்றேன், மேடம். கண்ணால பார்த்தவன் நான்.”

“அதுக்கும் ஒரு பிரிவு போட்டிருக்காங்களே. கலைஞர் தன் படைப்பைப் பத்திச் சொல்றது விளக்கவுரை. அது சாட்சியம் ஆகாது.” தில்ஷாத் சிரிக்க முயன்றார். “என் நிக்காஹ் ஆல்பத்துல நாலு படத்துலயும் என் மாமியாரைத் தூணுக்குப் பின்னாடி நிக்க வெச்சீங்களே, அன்னிக்கே உங்களைக் கலைஞர்னு ஒத்துக்கிட்டவ நான். ஆனா இங்க அது உதவாது.”

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நிழற்படம் கலையா, வெறும் பதிவா என்பது அவருடைய தொழிலில் நெடுங்காலத்து வழக்கு. ஓவியம் தீட்டுகிறவர்கள் இவர்களைப் பொத்தானை அமுக்குகிறவர்கள் என்று இளக்காரமாகப் பேசிய நாட்கள் உண்டு. சட்டம் வந்து, ‘கலை’ என்று அரசாங்க முத்திரையே கிடைத்ததும், மாவட்ட நிழற்படக்காரர் சங்கத்தில் லட்டு வழங்கினார்கள். மேடையேறி முழங்கியவர்களுள் ஏகாம்பரமும் ஒருவர். நிழல் எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிப்பவன் நகலெடுப்பவன் ஆகமாட்டான் என்று அவர் சொன்னபோது கைதட்டல் ஓய வெகுநேரம் பிடித்தது. செய்தித்தாளுக்குப் படமெடுக்கும் ஒருவர் மட்டும் எழுந்து, “நாளைக்கு நம்ம படத்தை எதுக்காகவாவது நம்பணும்னா என்ன செய்வீங்க?” என்று கேட்டார். அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆயுத பூஜைக்கு முந்திய அந்த நாளில் ஆலையில் நடந்தது இது.

ஆயுத பூஜைக்கு எந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, வாழைக்கன்று கட்டி, முதலாளி தொழிலாளிகளோடு நின்று படமெடுத்துக்கொள்வது அப்பக்கத்து ஆலைகளின் வழக்கம். முன்கூட்டியே இடம் பார்க்கப் போயிருந்தார் ஏகாம்பரம். பூஜைக்கு எல்லாம் துப்புரவாக இருக்கவேண்டும் என்று தொட்டியையும் கழுவச் சொல்லியிருந்தார்கள். கூச்சல் கேட்டு ஓடியபோது, முனிரத்தினத்தை விளிம்பில் இழுத்துப் போட்டிருந்தார்கள். மேஸ்திரி தேவராசு தலையில் கைவைத்துக்கொண்டு, “போயிட்டான்யா, போயிட்டான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணப் படங்களுக்கு இணையாகச் சாவுப் படங்களும் எடுத்துப் பழகியவர் ஏகாம்பரம். இறந்தவரை உள்ளது உள்ளபடியே அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. முகத்தைத் துடைப்பார், வாயை மூடுவார், தலையை வாரிவிடுவார், சட்டைப் பொத்தானைப் போடுவார். பிறகு ஸ்டூடியோவில் அமர்ந்து, மூடிய கண்களைத் திறந்திருப்பதாகத் திருத்தி, சட்டமிட்டுக் கொடுப்பார். மாலை போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். அன்றும் அவருடைய கைகள் கேளாமலே அந்த வேலையைத் தொடங்கின. முனிரத்தினத்தின் கல்யாணத்துக்குப் படமெடுத்தவரும் அவரேதான். இவன் பெண்டாட்டி இந்தக் கோலத்திலா இவனைப் பார்ப்பது என்று மனம் பதைக்க, தம் கைக்குட்டையால் சேற்றைத் துடைத்து, பாதி திறந்திருந்த இமைகளை விரலால் மூடி, நழுவிக் கிடந்த கைலியை இழுத்துக் கட்டி, ஒரு படம் எடுத்தார்.

“நீ கெளம்புண்ணே. வண்டி வருது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்,” என்றார் மேஸ்திரி. ஏகாம்பரம் கிளம்பிவிட்டார். மறுநாள் காலை பிணம் கால்வாயில் கிடந்தது.

அலுவலகத்திலிருந்து திரும்பிய அன்று பிற்பகல் அவர் அமுலுவின் வீட்டுக்குப் போனார். அவள் வாசற்படிக்குள் அமர்ந்து, ஷூவின் மேல்தோலை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் முனிரத்தினம் கண்களை அகல விழித்து, சிரிக்கலாமா என்று யோசிப்பவன்போல் மாலைக்குள் இருந்தான்.

“உக்காருண்ணா. அந்தம்மா நல்லவங்கதான். ஆனா இன்னா பண்ணுவாங்க, மிசினு சொல்றதைத்தானே சொல்லணும்.” அவள் சுவரைப் பார்த்தாள். “தூங்கி எழுந்து வந்தவரு மாதிரி கீறாரு பாரு. கல்யாணத்துல நீ எடுத்த படத்துலகூட மூஞ்சி உம்முனு இருக்கும். செத்தப்புறம்தான் அழகாக்கி வெச்சே.”

ஏகாம்பரம் உட்காரவில்லை. “அமுலு, இன்னொரு படம் கீதும்மா.”

ஊசி நின்றது.

“குனிஞ்சப்ப தோள்பைக் கொக்கி பட்டு, கேமரா தானா எடுத்துக்கிச்சு. நான் பார்க்கவும் இல்ல, தொடவும் இல்ல. துடைக்கறதுக்கு முன்னாடி விழுந்தது. அது சான்றாகும்.”

“எத்தினி நாளா கீது?”

“அன்னியிலேருந்தே.”

“அஞ்சு மாசமா என்னை ஆபீசு ஆபீசா இட்டுக்கினு திரிஞ்சியே. அப்பல்லாம் இதைப் பையில வெச்சிக்கினுதான் வந்தியா?”

“நீ பாக்கக்கூடாதுன்னுதாம்மா.”

“நான் பாக்கக்கூடாததா, ஊரு பாக்கக்கூடாததா?”

அவர் விளக்கினார். கலையென்றால் அது எடுத்தவனுக்குச் சொந்தம். அவன் அனுமதியின்றி ஒருவரும் காட்டக்கூடாது. சான்று அப்படியன்று. சான்று ஊர்ச்சொத்து. பொது ஏட்டில் ஏறிவிட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எந்நேரமும் எடுத்துப் பார்க்கலாம். திரும்பப் பெற முடியாது. ஓர் ஓரத்தைக்கூட மறைக்க முடியாது. “உன் பொண்ணு எட்டாவது படிக்குது. கூடப் படிக்கிற புள்ளைங்க போன்ல தட்டிப் பாப்பாங்க. நாளைக்கு அவளைப் பொண்ணு கேட்டு வர்றவங்ககூடப் பாப்பாங்கம்மா.”

“காட்டு.”

“வேணாம்மா.”

“காட்டுண்ணா.”

அவர் கேமராத் திரையில் காட்டினார். முனிரத்தினம் சேற்றில் மல்லாந்து கிடந்தான். இடுப்புக்குக் கீழே துணியில்லை. ஒரு கால் தொட்டிக்குள் தொங்கியது. வாய் நிறையக் கறுப்புச் சேறு. சுவரில் மூன்று என்ற எண். ஓரத்தில் மேஸ்திரியின் ரப்பர் பூட்ஸ். அமுலு வெகுநேரம் பார்த்தாள். பிறகு கட்டைவிரலைத் திரையின்மேல் வைத்து அவனுடைய இடுப்பை மறைத்துக்கொண்டு, மறுபடியும் பார்த்தாள்.

“செவுத்துல கீறவரை நீ செஞ்ச. இவருதான் எங்க வூட்டுக்காரரு,” என்றாள். “உங்கப்பன் குடிகாரன், சாக்கடையில உழுந்து செத்தான்னு என் பொண்ணு மூஞ்சிக்கு நேராச் சொல்றாளுங்க. ஒரு வாய் கள்ளு குடிச்சவரில்ல. துணியில்லாம கீறது அவமானமா, அது அவமானமா? நீயே சொல்லு.”

அவள் திரையிலிருந்து கட்டைவிரலை எடுத்தாள்.

“கொண்டுபோய்க் குடுண்ணா. பாக்கறவன் பாக்கட்டும்.”

எட்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. இருவருமே போனார்கள். தில்ஷாத் பேகம் வாசல்வரை வந்து, “நீங்க கொஞ்சம் வெளிய பெஞ்சுல இருங்கம்மா,” என்று அமுலுவிடம் சொல்லிவிட்டு, ஏகாம்பரத்தை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அவர் முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

“முதல்தரச் சான்று. இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்லை. யாரும் பார்க்காம, யாரும் நினைக்காம விழுந்த படம்.”

“அப்ப போதும்ல மேடம்? ஆலைக்காரன் மாட்டினான்.”

“மாட்டினான். உட்காருங்க.” அவர் சற்றுத் தயங்கினார். “ஒட்டுப்படம்னு ஒரு விதி இருக்கு. ஒரு படத்தைச் சான்றா ஏத்தும்போது, அதே கேமராவுல முன்னும் பின்னும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள எடுத்த மத்த படங்களையும் அதுங்களோட நிமிஷங்களையும் இயந்திரம் திறந்து ஒத்துப் பார்க்கும். எல்லாம் சேர்ந்துதான் பொது ஏட்டுல ஏறும். நீங்க துடைச்சீங்களே, அந்த நிமிஷமும் ஏறும்.”

“ஏறட்டுமே. அதுல நான் என்ன தப்புப் பண்ணினேன்?”

தில்ஷாத் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

கழுத்தில் தொங்கிய கேமரா கண்ட காட்சி அது. இருபுறமும் தம்முடைய கைகளும், நடுவே முனிரத்தினத்தின் முகமும். கைகள் எத்தனை பக்குவமாக வேலை செய்கின்றன என்று முதலில் ஏகாம்பரத்துக்கே ஒரு வியப்புத் தோன்றியது. கைக்குட்டை நெற்றியைத் துடைத்தது, கன்னங்களைத் துடைத்தது, மூக்கின் கீழே படிந்திருந்த நுரையைத் துடைத்தது. நுரை மறுபடியும் வந்தது. கைக்குட்டை அதை ஒற்றி எடுத்தது. மறுபடியும் வந்தது. சின்னஞ்சிறு குமிழி ஒன்று மூக்கின் துளையில் பருத்து, உடைந்து, மறுபடி பருத்தது. மூன்றாம் முறை துடைத்த கை சற்று அழுத்தியே துடைத்தது. அந்தச் சலிப்பு அவருக்கு நினைவிருந்தது. படம் சுத்தமாக வரமாட்டேன் என்கிறதே என்று அன்று அவர் எண்ணியதும் நினைவிருந்தது. அதன்பின் இரண்டு விரல்கள் இமைகளை மூடின.

திரையின் அடியில் இயந்திரம் ஒரே வரி எழுதியிருந்தது: ‘நபர் சுவாசித்துக்கொண்டிருக்கிறார்.’



“மூணு தடவை நான் கொண்டுவந்தப்ப இது ஏன் சொல்லலை?” என்றார் ஏகாம்பரம்.

“கலைக்கு இயந்திரம் கையை மட்டும்தான் பார்க்கும். மத்தது எல்லாத்தையும் சான்றுக்குத்தான் பார்க்கும்.”

“போயிட்டான்னு மேஸ்திரிதான் சொன்னாரு.”

“நீங்க தொட்டுப் பார்க்கலையா?”

“தொட்டேனே, மேடம். அந்த நிமிஷம் முழுக்கத் தொட்டுக்கிட்டேதானே இருந்தேன். உடம்பு சூடா இருந்துச்சு. இப்பத்தானே போயிருக்கான், அதான் சூடுன்னு நினைச்சேன்.”

தில்ஷாத் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் தொடவில்லை.

“அரசாங்க ஆஸ்பத்திரி அங்கிருந்து ரெண்டு மைல்தான். கொண்டுபோயிருந்தா பிழைச்சிருப்பாரா, மாட்டாரா, அதை நான் சொல்ல முடியாது. கால்வாயில போட்டப்ப மூச்சு இருந்ததான்னு கோர்ட்டுல கேப்பாங்க. ஆலை மேல இருக்கிற வழக்கு கொலை வழக்காகவே மாறலாம். பக்கத்துல இருந்தும் உதவாதவங்கன்னு ஒரு பட்டியல் போடுவாங்க. அதுல மேஸ்திரி இருப்பாரு.” அவர் நிறுத்தினார். “நீங்களும் இருப்பீங்க. அதைவிட, இந்த நிமிஷம் என்னிக்கும் அங்கேயே இருக்கும். யார் வேணும்னாலும் பார்க்கலாம்.”

“இன்னும் ஏத்தலையா?”

“எடுத்தவர் கையெழுத்து வேணும். இன்னிக்கு நாலு மணிவரைக்கும் நீங்க திருப்பி வாங்கிக்கலாம். வாங்கிக்கிட்டா ரெண்டும் உங்க சொத்து. இந்த அறையில நடந்தது எதையும் நான் வெளிய பேசக்கூடாது. அதுவும் சட்டம்தான்.” தில்ஷாத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். “வெளிய இருக்கிற பொண்ணுகிட்ட நான் எதுவும் சொல்லலை.”

மணி மூன்றே கால். ஏகாம்பரம் கதவைத் திறந்து வெளியே வந்தார். ‘இயந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை அம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்புவாள். மூன்று முறை நம்பியிருக்கிறாள். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்காரும்வரையிலும் அந்த வார்த்தைதான் அவர் நாவில் இருந்தது.

“ஆச்சாண்ணா?”

“உயிர் இருந்துச்சும்மா,” என்றார் ஏகாம்பரம்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் நுரையைப் பற்றிச் சொன்னார். குமிழியைப் பற்றிச் சொன்னார். இமைகளை மூடியதையும் சொன்னார். படங்களைத் திருப்பி வாங்கிக்கொள்ள நாலு மணிவரை தமக்கு உரிமை உண்டு என்பதையும் விடாமல் சொன்னார். தணிந்த குரலில், வகுப்பில் ஒப்பிக்கும் பிள்ளையைப்போல், ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி முடித்தார். தாழ்வாரத்தில் யாரோ ஒருவர் தம் நிலத்துப் படத்துக்கு முத்திரை கேட்டு எழுத்தரோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தார். “வரப்புல என் மாடு நின்னா அது என் கை பட்டதா? மாடுய்யா அது, மாடு!” என்று அவர் கத்த, இரண்டு பேர் சிரித்தார்கள்.

அமுலு மடியிலிருந்த கைகளைப் பார்த்தபடி இருந்தாள். விரல் நுனிகளில் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள்.

“நீ தொடச்சப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்குமாண்ணா?”

“தெரியலம்மா.”

“தெரிஞ்சிருக்கக்கூடாது.” அவள் தலையை அசைத்தாள். “யாருன்னு தெரிஞ்சிருந்தா, ஏகாம்பரண்ணன் வந்துட்டாரு, நம்மளத் தூக்கினு போயிடுவாருன்னு நெனச்சிக்கினு இருந்திருப்பாரு.”

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து அவர் எழுந்து உள்ளே போனார். தில்ஷாத் பேகம் படிவத்தைத் திருப்பி வைத்து, விரலால் இடத்தைக் காட்டினார். எடுத்தவர் என்ற இடத்தில் ஏகாம்பரம் தம் பெயரை முழுமையாக, தகப்பனார் பெயரோடு எழுதினார். இயந்திரம் ஒரு சிறு ஒலி எழுப்பிப் படங்களை ஏற்றுக்கொண்டது. முழுதும் ஏறுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் வெளியே வந்தபோது அமுலு போய்விடவில்லை. அதே பெஞ்சில்தான் இருந்தாள். ஆனால் அவர் முன்பு உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு விலகி, மறுகோடிக்கு நகர்ந்து, சுவரோடு ஒண்டி அமர்ந்திருந்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். ஊருக்குப் போகும் பஸ் வர இன்னும் அரைமணி இருந்தது.